ஒரு சாண், மூன்று விரற்கடை

எண்ணூறு மீட்டரை 2 நிமிடம் 3.16 விநாடியில் ஓடி முடிப்பவர் விநாடிக்கு ஆறரை மீட்டர் வேகத்தில் ஓடுகிறார். அந்த வேகத்தில் 0.03 விநாடி என்பது தரையில் சுமார் இருபது சென்டிமீட்டர். நம் வழக்கில் ஒரு சாண். 2006 டிசம்பரில் கத்தார் நாட்டின் தோகாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன், கஜகஸ்தானின் விக்டோரியா யலோவ்த்சேவாவை அந்த ஒரு சாணில் முந்தி வெள்ளி வென்றார்.

ஒலிம்பிக் வில்வித்தையில் இலக்குப் பலகை எழுபது மீட்டருக்கு அப்பால் நிற்கும். அதன் விட்டம் 122 சென்டிமீட்டர். பத்து வளையங்கள், ஒவ்வொன்றின் அகலமும் 6.1 சென்டிமீட்டர். அதாவது ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையே மூன்று விரற்கடைதான். 2008 ஆகஸ்ட் 14 அன்று பெய்ஜிங்கில், சீனத்தின் ஜாங் ஜுவான்ஜுவான் தென்கொரியாவின் பார்க் சுங்-ஹியுனை 110-109 என்ற கணக்கில் வென்றார். பன்னிரண்டு அம்புகள் எய்து முடித்தபோது இருவருக்கும் இருந்த வித்தியாசம் அந்த ஒரு வளையம்.

சாந்தி, ஜாங் இருவரும் 1981-இல் பிறந்தவர்கள். இரண்டு வெற்றிகளுக்கும் இடையே இருபது மாதங்கள். ஜாங்கின் பெயர் ஒலிம்பிக் வரலாற்றில் நிலைத்துவிட்டது. சாந்தியின் பெயர் சில நாள்களுக்குள் முடிவுப் பட்டியலிலிருந்து அடிக்கப்பட்டது. பாலினச் சோதனையில் அவர் தேறவில்லை என்று அறிவித்தார்கள்.

இக்கதை தமிழில் பலமுறை சொல்லப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் அனுதாபக் கதையாக. சில நேரம் மருத்துவப் புதிராக. இரண்டும் அவரது உடலையே சுற்றி வந்தன. இக்கட்டுரை அங்கே போகப்போவதில்லை. அவருடைய உடலின் விவரம் அவருக்கும் மருத்துவருக்கும் உரியது. அது ஊருக்குத் தெரிந்ததே முதல் தவறு. இங்கே கேட்கப்படும் கேள்வி வேறு. ஒரு சாணைத் துல்லியமாக அளக்கத் தெரிந்த விளையாட்டு உலகம், அளந்த பிறகு அந்தப் பெண்ணை என்ன நடைமுறைப்படி நடத்தியது? அவரை அனுப்பிவைத்த அமைப்புகள் அப்போது எங்கே நின்றன?

செம்மண் தடம்

பெண்கள் வீட்டைவிட்டு வெளியே வந்த வரலாறு புதுக்கோட்டைக்கு நெடியது. 1886-இல் இங்கே பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, எதிர்ப்புகளுக்கு நடுவே மகாராஜா கல்லூரியில் சேர்ந்த முதல் மாணவி. ஒரு பெண் வகுப்பறைக்குள் உட்காரலாமா என்பதே அன்று வழக்காக இருந்தது. ஒரு நூற்றாண்டு கழித்து, 1990-களின் தொடக்கத்தில், மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. கல்குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என ஆயிரக்கணக்கான பெண்கள் தெருவில் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள். 'பொம்பளைக்கு எதுக்கு சைக்கிள்' என்று கேட்ட வாய்கள் ஓரிரு ஆண்டுகளில் ஓய்ந்தன. அப்போது சாந்திக்குப் பத்து வயதிருக்கும்.

தலித் குடும்பம். பெற்றோர் செங்கல் சூளைத் தொழிலாளர்கள். வேலை இருக்கும் ஊர்களுக்கு அவர்கள் போய்விட, ஐந்து பிள்ளைகளில் மூத்தவரான சாந்திதான் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டார். ஓடக் கற்றுக்கொடுத்தவர் தாத்தா. அவரே ஓட்டக்காரர்தான். ஊருக்கு வெளியே கிடந்த மண் தரையில் பேத்தியை ஓடவிட்டார். காலணியும் வாங்கித் தந்தார். எட்டாம் வகுப்பில் முதல் பந்தயத்தில் வென்று ஒரு தகரக் கோப்பை கிடைத்தது. பள்ளிகளுக்கிடையிலான போட்டிகளில் அவர் ஓடுவதைப் பார்த்த பயிற்சியாளர் ஒருவர் தன் பள்ளியில் சேர்த்துக்கொண்டார். படிப்புக்கு உதவி, சீருடை, மதியச் சோறு. ஓட்டம் அவருக்கு முதலில் கொடுத்தது பதக்கத்தை விடவும் மூன்று வேளைச் சாப்பாட்டைத்தான்.

விளையாட்டு உதவித்தொகையில் புதுக்கோட்டையில் கல்லூரி, பிறகு சென்னை. 2005-இல் 3,000 மீட்டர் ஸ்டீபிள்சேஸில் தேசிய சாதனை. அதே ஆண்டு தென்கொரியாவின் இஞ்சியோனில் ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி. 2006-இல் கொழும்பில் தெற்காசிய விளையாட்டுப் பதக்கங்கள். பிறகு தோகா.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாத்தா, பள்ளிப் பயிற்சியாளர், கல்லூரி உதவித்தொகை என்று வரிசையாக வந்த ஒவ்வொரு படியும் ஒரு தனி மனிதரின் கண்ணில் பட்டதால் கிடைத்த படி. ஒருவர் பார்க்கத் தவறியிருந்தால் ஏணி அங்கேயே முறிந்திருக்கும்.

சிங்தாவ் நகரத்துப் பெண்

ஜாங் ஜுவான்ஜுவான் பிறந்தது ஷான்டோங் மாகாணத்தின் துறைமுக நகரமான சிங்தாவில். சீனத்தில் விளையாட்டு ஏணியை அரசே போட்டு வைத்திருக்கிறது. வட்டார விளையாட்டுப் பள்ளி, அங்கிருந்து மாகாண அணி, அங்கிருந்து தேசிய அணி. சிறு வயதிலேயே உடல்வாகைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, தங்க இடமும் சோறும் சம்பளமும் கொடுத்து, ஆண்டுக்கணக்கில் ஒரே வேலையைச் செய்ய வைப்பார்கள். எந்த விளையாட்டில் பதக்கம் கிடைக்கும் என்று கணக்குப் பார்த்தே பணம் போடுவார்கள்.

வில்வித்தை அந்தக் கணக்குக்கு எளிதில் பிடிகொடுக்காத விளையாட்டு. 1984 முதல் 2004 வரை ஆறு ஒலிம்பிக்குகளில் மகளிர் தனிநபர் தங்கம் முழுவதும் தென்கொரியாவுக்குத்தான். 1984-இல் சீனத்தின் லி லிங்ஜுவானும் 1996-இல் ஹே யிங்கும் வெள்ளியோடு நின்றார்கள். 2004 ஏதென்ஸ் அணிப் போட்டியில் ஜாங் இடம்பெற்ற சீன அணி கொரியாவிடம் 240-241 என்று தோற்றது. அங்கேயும் ஒரே புள்ளி. 2008 பெய்ஜிங்கில், சொந்த மண்ணில், அணிப் போட்டியில் மறுபடியும் கொரியாவிடம் தோல்வி, மறுபடியும் வெள்ளி.

தனிநபர் போட்டியில் அவர் செய்ததுதான் வரலாறு. காலிறுதியில் ஜூ ஹியுன்-ஜுங், அரையிறுதியில் யுன் ஓக்-ஹீ, இறுதியில் ஏதென்ஸ் தங்க மங்கை பார்க் சுங்-ஹியுன் என்று ஒரே நாளில் மூன்று கொரியர்களை வரிசையாக வென்றார். வில்வித்தையில் சீனத்தின் முதல் ஒலிம்பிக் தங்கம் அது. பிறகு வந்த லண்டன், ரியோ, டோக்கியோ, பாரிஸ் நான்கிலும் மகளிர் தனிநபர் தங்கம் கொரியாவுக்கே திரும்பியது. 1984 முதல் 2024 வரை பதினொரு ஒலிம்பிக்குகள். கொரியர் அல்லாத ஒரே வெற்றி ஜாங்குடையது.

சீன ஏணி குறையற்றது என்று சொல்ல வரவில்லை. ஏறும்வரை பிடித்துக்கொள்ளும் ஏணி, இறங்குகிறவரைக் கைவிடுவதும் உண்டு. 1990-இல் பளுதூக்குதலில் தேசிய வாகையரான ஸோ சுன்லான் ஓய்வுபெற்ற பிறகு, படிப்பும் வேறு தொழிலும் இல்லாமல் ஒரு பொதுக் குளியலகத்தில் வாடிக்கையாளர்களுக்கு முதுகு தேய்த்துவிட்டுப் பிழைத்தார். அந்தச் செய்தி 2006-இல் வெளிவந்து சீனத்தையே உலுக்கியது. அதே ஆண்டில்தான் தோகா. ஆறு ஆண்டு கழித்து நம் ஏடுகளில் சாந்தி செங்கல் சூளையில் வேலை செய்யும் படம் வந்தது. ஏணி போட்டுவைத்த நாட்டிலும் போடாத நாட்டிலும் பதக்கத்துக்குப் பிந்தைய வாழ்க்கைக்கு யாரும் திட்டம் வைத்திருக்கவில்லை.

ஆயினும் ஒரு வேறுபாடு பெரிது. ஜாங்கின் பின்னால் மாகாண அணி, தேசிய அணி, ஒலிம்பிக் குழு என்று அவர் பெயரைக் காக்க நலன் உடைய அமைப்புகள் நின்றன. சாந்தியின் பின்னால் ஒரு தாத்தாவின் நினைவும் சில ஆசிரியர்களின் நல்ல மனமும் நின்றன. தோகாவில் பிரச்சினை வந்தபோது அந்த வேறுபாடு என்ன செய்யும் என்று தெரிந்தது.

தோகா

800 மீட்டரில் தங்கம் பஹ்ரைனின் மரியம் யூசுப் ஜமாலுக்கு. இரண்டாம் இடத்துக்கு சாந்தியும் யலோவ்த்சேவாவும் ஒட்டி ஓடினார்கள். முதலில் யார் கடந்தார் என்பது வெறும் கண்ணுக்குத் தெரியாத அளவு நெருக்கம். கருவி சாந்தியின் பெயரைச் சொன்னது. அவர் மேடையேறிப் பதக்கம் அணிந்தார்.

அதன் பிறகு அவரைச் சோதனைக்கு அழைத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள், மருத்துவர் குழு உடலைப் பரிசோதித்தது. என்ன சோதனை, எதற்காக என்று தனக்கு எதுவும் விளக்கப்படவில்லை என்று அவர் பின்னர் பல நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். காரணம் கூறாமலே ஊருக்கு அனுப்பப்பட்டார். முடிவு தொலைக்காட்சிச் செய்தியாக வந்தது. உலகம் அறிந்த அதே நேரத்தில்தான் உரியவரும் அறிந்தார்.

பதக்கம் பறிக்கப்பட்ட பிறகும் அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி, அறிவித்தபடி ரூ.15 லட்சம் பரிசை சாந்தியிடம் வழங்கினார். பன்னாட்டு அமைப்பின் தீர்ப்பை மாநில அரசு ஒருவகையில் ஏற்க மறுத்த செயல் அது. ஆனால் அதற்கு மேல் எடுத்துச் செல்லும் வழக்கறிஞரோ மேல்முறையீடோ இல்லை.

விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றம் சுவிட்சர்லாந்தின் லொசானில் இருக்கிறது. தனி விதி ஏதும் இல்லாவிட்டால், முடிவு கிடைத்த 21 நாள்களுக்குள் அங்கே மேல்முறையீடு செய்ய வேண்டும். அன்று ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ எழுத வேண்டியிருந்தது, செலவு இருந்தது, மருத்துவ நிபுணர்களைத் தேட வேண்டியிருந்தது. கத்தக்குறிச்சி வீட்டில், தெருவில் தலைகாட்ட முடியாமல் உட்கார்ந்திருந்த ஒரு பெண் மூன்று வாரத்தில் இதைச் செய்திருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது. அதைச் செய்யவேண்டியவர்கள் அவர் மார்பில் இந்தியா என்ற பெயரைக் குத்தி அனுப்பியவர்கள்.

அறுபதாண்டுச் சோதனை

மகளிர் பிரிவில் பெண்கள்தான் ஓட வேண்டும் என்ற கவலை புதிதன்று, பொய்யானதும் அன்று. பருவ வயதுக்குப் பிறகு ஆண் உடலுக்குத் தசையிலும் ரத்தத்திலும் எலும்பிலும் கூடுதல் வலு வருகிறது. மகளிர் பிரிவு என்று ஒன்று இருப்பதே அந்த வேறுபாட்டால்தான். சிக்கல், இயற்கை எல்லாப் பிறப்புகளையும் இரண்டே பெட்டிகளில் துல்லியமாகப் போட்டு அனுப்புவதில்லை என்பதில் இருக்கிறது.

1966-இல் புடாபெஸ்டில் நடந்த ஐரோப்பியத் தடகளப் போட்டியில் வீராங்கனைகளை மருத்துவர்கள் முன் உடையின்றி நிற்கவைத்துப் பார்த்தார்கள். அதற்கு எழுந்த அருவருப்பால், 1968 முதல் கன்னத்தின் உட்புறச் செல்லைச் சுரண்டி எடுத்துக் குரோமோசோம் பார்க்கும் முறை ஒலிம்பிக்கில் வந்தது. தேறியவருக்குப் 'பெண்' என்று சான்றிதழ் கொடுத்தார்கள். நாகரிகமான முறை என்று தோன்றியது. ஆனால் குரோமோசோம் ஒன்று சொல்ல, உடல் வேறொன்று சொல்லும் பிறப்புகள் உண்டு.

ஸ்பெயின் நாட்டுத் தடை ஓட்டக்காரர் மரியா ஹோசே மார்த்தினேஸ்-பட்டீனியோ தன் கதையைத் தானே எழுதியிருக்கிறார். 1985-இல் ஜப்பானின் கோபே நகரில் நடந்த உலகப் பல்கலைக்கழக விளையாட்டுக்குப் போகும்போது சான்றிதழை வீட்டில் மறந்துவிட்டார். மறுபடி சோதித்தார்கள், எக்ஸ், ஒய் குரோமோசோம்கள் இருப்பதாக முடிவு வந்தது. அவர் உடலோ ஆண் ஹார்மோனை உணரும் திறனே அற்றது. டெஸ்டோஸ்டிரோன் எவ்வளவு சுரந்தாலும் அது அவர் தசைக்குப் பயன்படாது. காயம்பட்டதாக நடித்து ஒதுங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அடுத்த தேசியப் போட்டியில் அவர் ஒதுங்க மறுத்தார். செய்தி வெளியே கசிந்தது. உதவித்தொகை, விடுதி அறை, சாதனைகள், நிச்சயிக்கப்பட்ட திருமணம் எல்லாம் போயின. அவர் விடவில்லை. மருத்துவ அறிஞர்கள் துணைநின்றார்கள். 1988-இல் ஓடும் உரிமை திரும்பக் கிடைத்தது. ஆனால் ஓட்டக்காரரின் காலம் காத்திருப்பதில்லை. 1992 ஒலிம்பிக் தகுதியை நூற்றில் பத்துப் பங்கு விநாடியில் தவறவிட்டார்.

அவர் போராட்டத்தின் பலனாகவும் மருத்துவர்களின் எதிர்ப்பாலும் உலகத் தடகள அமைப்பு 1992-இல் குரோமோசோம் சோதனையைக் கைவிட்டது. ஒலிம்பிக் குழு இன்னும் சில காலம் பிடித்துவைத்திருந்தது. 1996 அட்லாண்டாவில் 3,387 வீராங்கனைகளைச் சோதித்ததில் எட்டுப் பேருக்கு ஆண்வழி மரபணு தென்பட்டது. அந்த எட்டுப் பேரும் மேற்பரிசோதனைக்குப் பிறகு போட்டியிட அனுமதிக்கப்பட்டார்கள். அவர்கள் யார் என்று உலகுக்கு இன்றுவரை தெரியாது. 1999-இல் ஒலிம்பிக் குழுவும் அனைவருக்குமான சோதனையை நிறுத்தியது.

அட்லாண்டாவுக்கும் தோகாவுக்கும் இடையே பத்தே ஆண்டுகள். அங்கே எட்டுப் பேர் பெயர் வெளிவராமல் ஓடினார்கள். இங்கே ஒருவர் பெயர் உலகெங்கும் ஒலிபரப்பானது. மருத்துவ அறிவு இந்தப் பத்தாண்டில் பின்னோக்கிப் போகவில்லை. மாறியது நடைமுறை. அனைவரையும் சோதிப்பதை நிறுத்தியவர்கள், 'சந்தேகம் வந்தால் சோதிக்கலாம்' என்ற கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். எல்லாரையும் சோதிக்கும்போது அவமானம் எல்லாருக்கும் பொது. சந்தேகப்பட்டவரை மட்டும் சோதிக்கும்போது, அழைப்பே பாதித் தீர்ப்பாகிவிடுகிறது. சந்தேகம் யார்மேல் விழும்? பெண் என்றால் இப்படித்தான் இருப்பாள் என்று அதிகாரிகள் மனத்தில் வைத்திருக்கும் படத்துக்கு ஒத்துவராதவர் மேல் விழும். ஒல்லியான, தட்டையான, வெயிலில் காய்ந்த, சிறு வயது முதல் உழைத்து இறுகிய உடல் அந்தப் படத்தில் இல்லை.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கும் இப்படிச் சந்தேகத்துக்குரியவர்களைச் சோதிக்க ஆய்வகம் ஒன்றைத் தயார்செய்து வைத்திருந்தார்கள். ஜாங் வில்லேந்திய அதே நகரம், அதே ஆண்டு. மகளிர் விளையாட்டு அனைத்தின் மேலும் அந்த நிழல் இருந்தது. ஆனால் அது அடர்ந்து விழுவது தடகளத்தின் மேல்தான். அதிலும் நடுத்தூர ஓட்டத்தின் மேல்.

டூட்டி சந்துக்குக் கிடைத்தது

தோகாவுக்கு எட்டு ஆண்டு கழித்து, 2014-இல், ஒடிசாவின் நெசவாளர் குடும்பத்துப் பெண் டூட்டி சந்த் காமன்வெல்த் விளையாட்டுக்குக் கிளம்பும் தறுவாயில் அணியிலிருந்து நீக்கப்பட்டார். இயற்கையாகச் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் வரம்புக்கு மேல் இருப்பதாகக் காரணம். 2011-இல் வந்த விதி அது. தொடக்கம் சாந்தியின் கதை போலவே. முடிவு வேறு. இம்முறை இந்திய விளையாட்டு ஆணையம் மேல்முறையீட்டுக்குத் துணைநின்றது. ஆய்வாளர் பயோஷ்னி மித்ரா உடன் நின்றார். வெளிநாட்டு வழக்கறிஞர்கள் வாதாடினார்கள். 2015 ஜூலையில் லொசான் நடுவர் மன்றம், அந்த விதிக்குப் போதிய அறிவியல் சான்று இல்லை என்று அதை நிறுத்திவைத்தது. டூட்டி 2016-இல் ரியோவில் ஓடினார். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் வெள்ளி வென்றார். அந்தப் பதக்கங்கள் அவரிடமே இருக்கின்றன.

தோகாவில் சாந்திக்குச் சட்டம் தோற்கவில்லை. சட்டம் அழைக்கப்படவே இல்லை. டூட்டிக்கு அது அழைக்கப்பட்டது. இரண்டு கதைகளுக்கும் உள்ள தூரம் அவ்வளவே.

அதன்பின் விதிகள் மறுபடி இறுகின. 2018-இல் உலகத் தடகள அமைப்பு 400 மீட்டர் முதல் ஒரு மைல் வரையிலான ஓட்டங்களுக்கு மட்டும் புது வரம்பு கொண்டுவந்தது. 800 மீட்டர் அதற்குள் அடக்கம். இருமுறை ஒலிம்பிக் தங்கம் வென்ற தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யா அதை எதிர்த்து 2019-இல் லொசானில் தோற்றார். வழக்கை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். 2025 ஜூலையில் அதன் பேரவை அமர்வு, செமன்யாவின் வழக்கு நியாயமாக விசாரிக்கப்படவில்லை என்று தீர்ப்பளித்தது. விதி சரியா தவறா என்று அது சொல்லவில்லை. விசாரித்த முறை போதாது என்றது. அதற்கிடையே 2023-இல் வரம்பு எல்லா ஓட்டங்களுக்கும் விரிந்தது. 2025 செப்டம்பரில் டோக்கியோ உலகப் போட்டிக்கு மகளிர் அனைவருக்கும் எஸ்ஆர்ஒய் மரபணுச் சோதனை கட்டாயமானது. அட்லாண்டாவில் பார்த்ததும் அதே மரபணுதான். கைவிடப்பட்ட சோதனை கால் நூற்றாண்டு கழித்துத் திரும்பி வந்திருக்கிறது.

இதில் நியாயமான கருத்து வேறுபாட்டுக்கு இடமுண்டு. மற்ற வீராங்கனைகளுக்கும் நேர்மையான போட்டிக்கு உரிமை இருக்கிறது. விதி கடுமையாக இருக்க வேண்டும் என்பவர்கூட ஒன்றை ஒப்புக்கொள்வார்: ஏமாற்றாத ஒருவரை ஏமாற்றியவர்போல நடத்தக்கூடாது. ஊக்கமருந்து உண்டவரைக் கேள்வி கேட்க விதிமுறை, இரண்டாம் மாதிரி, விளக்கம் கேட்கும் கடிதம் எல்லாம் உண்டு. எதையும் உண்ணாத, பிறந்தபடியே ஓடிய பெண்ணுக்கு அந்த மரியாதைகூடத் தோகாவில் கிடைக்கவில்லை.

சூளையும் திடலும்

தோகாவுக்குப் பிந்தைய மாதங்கள் சாந்திக்கு மிகக் கடினமானவை. அதிலிருந்து மீண்டு, புதுக்கோட்டையில் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார். 2009 வாக்கில் அறுபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அவரிடம் ஓடினார்கள். சென்னை மாரத்தானில் அவருடைய மாணவர்கள் பரிசு வென்றார்கள். பதக்கத்தைப் பறிகொடுத்தவர் பதக்கக்காரர்களை உருவாக்கிக்கொண்டிருந்தார். ஆனால் பயிற்சியாளர் என்ற வேலை தற்காலிக வேலை. அது நிலைக்கவில்லை.

2012-இல், பெற்றோர் வேலை செய்த செங்கல் சூளைக்கே அவரும் போனார். நாளுக்கு 200 ரூபாய் கூலி. நாளேடுகளில் படம் வந்தது. தில்லியில் விளையாட்டு அமைச்சகம் விழித்தது. அடுத்த ஆண்டு பெங்களூரில் இந்திய விளையாட்டு ஆணையத்தின் தடகளப் பயிற்சியாளர் பட்டயப் படிப்பை முடித்தார். தொடர்ந்த முறையீடுகளுக்குப் பின் 2016-இல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளர் ஆனார். தோகாவிலிருந்து அந்த நியமன ஆணை வரப் பத்தாண்டு ஆனது.

சூளைப் படம் வந்ததால்தான் உதவி வந்தது என்பதை நாம் பெருமையாகச் சொல்லக்கூடாது. சீனத்திலும் குளியலகச் செய்தி வந்த பிறகுதான் ஸோ சுன்லானுக்குச் சலவைக் கடை வைக்க உதவி கிடைத்தது. அவமானம் செய்தியாகும்வரை காத்திருந்து உதவுவது கொடை. விதிப்படி நேரத்துக்கு உதவுவதுதான் உரிமை. சாந்திக்குக் கிடைத்தது முதல் வகை.

செய்யத்தக்கவை

இன்று புதுக்கோட்டையிலோ தருமபுரியிலோ ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பெண் நாளை நாட்டுக்காக வெளிநாடு போவாள். கட்டாய மரபணுச் சோதனை வந்துவிட்ட நிலையில், சாந்திக்கு நேர்ந்தது இனி ஒருவருக்கு நேர்வதற்கு வாய்ப்பு கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. அவளுக்காக மூன்று காரியங்களை மாநிலமே செய்யலாம்; தில்லியைக் கேட்கத் தேவையில்லை.

முதலாவது, சோதனை எதற்கு, முடிவு என்ன பொருள் தரும், மறுக்கவும் மேல்முறையிடவும் என்ன வழி என்பதைத் தமிழில் எழுதி, பயணத்துக்கு முன் அவள் கையில் கொடுத்து, ஒரு பெண் மருத்துவர் உட்கார்ந்து விளக்க வேண்டும். இரண்டாவது, வெளிநாட்டில் எந்த உடற்பரிசோதனைக்கும் அவள் நம்பும் ஒருவர், அவள் மொழி தெரிந்தவர், உடன் இருக்க வேண்டும். மூன்றாவது, 21 நாள் கெடுவுக்குள் லொசானுக்கு எழுதத் தெரிந்த வழக்கறிஞரை விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைத்திருக்க வேண்டும். 2025-இல் நாடாளுமன்றம் இயற்றிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் தீர்ப்பாயம் ஒன்றை அமைக்கிறது. நல்லதே. ஆனால் பன்னாட்டுப் போட்டி வழக்குகளுக்கு இறுதி வாசல் லொசான்தான். அந்த வாசல்வரை அழைத்துப்போக ஆள் வேண்டும்.

நான்காவது ஒன்று இந்தியத் தடகளக் கூட்டமைப்பும் இந்திய ஒலிம்பிக் சங்கமும் செய்யவேண்டியது. தோகாவின் கோப்பைத் திறந்து, சோதனை நடந்த முறையையும் பெயர் வெளியான முறையையும் ஆய்ந்து, பதக்கத்தைத் திருப்பித் தருமாறு ஆசிய ஒலிம்பிக் மன்றத்திடம் முறைப்படி கேட்க வேண்டும். மார்த்தினேஸ்-பட்டீனியோவுக்கு உரிமை திரும்பியது. டூட்டிக்குத் தீர்ப்பு கிடைத்தது. செமன்யாவுக்கு விசாரணை போதாது என்ற ஒப்புதல் கிடைத்தது. கேட்டவர்களுக்குக் கொஞ்சமேனும் கிடைத்திருக்கிறது. சாந்திக்காகக் கேட்க வேண்டியவர்கள் அன்று கேட்காமல் விட்டதை இன்றாவது கேட்கலாம்.

2006 தோகா ஆசிய விளையாட்டின் மகளிர் 800 மீட்டர் முடிவுப் பட்டியலில் வெள்ளி இடத்தில் இப்போது யலோவ்த்சேவாவின் பெயர் இருக்கிறது. அந்த ஓட்டத்தில் அவருக்கு ஒரு சாண் முன்னால் கோட்டைக் கடந்தவர் தமிழ்நாடு அரசின் தடகளப் பயிற்சியாளர்.